பத்து வருடம் வைக்கச் சொன்னார்களாம்

கிளிநொச்சி வாசகர்: பரிசிலிருந்து வந்த மருமகன் மூலன்-ஆ-வான் போத்தல் ஒன்று தந்தான். ஓக் பீப்பாவில் கிடந்த வைனாம், பத்து வருடம் வைத்தால் இன்னும் நல்லா வருமாம். நம்பலாமா?

மருமகன் சொன்னது பாதி சரி. மூலன்-ஆ-வான் கமே என்ற திராட்சையில் செய்கிற சிவப்பு வைன். கமே வைன் பெரும்பாலும் இளசாகக் குடிக்கத்தான். ஆனால் பிரான்சின் பொஜொலே என்ற வைன் பகுதியில் மூலன்-ஆ-வான், மொர்கோன் பக்கத்து நல்ல போத்தல்கள் பத்து வருடம் தாண்டியும் நிற்கும். பழவாசம் அடங்கி, காளானும் ஈரமண்ணும் மணக்கும். அதற்கு ஓக் மட்டும் காரணமில்லை. கருங்கல் மண், முதிய கொடி, வைனிலேயே உள்ள புளிப்பு, துவர்ப்பு, இவைதான் தாங்குகின்றன. புதுப் பீப்பா வனிலா வாசத்தையும் கொஞ்சம் துவர்ப்பையும் ஏற்றும். அந்த மரவாசம் அடங்க இரண்டு மூன்று வருடம் பொறுப்பதில் நியாயம் உண்டு. மெலிந்த வைன் என்றால் பழம் போய் மரம்தான் மிஞ்சும்.

சரி, இதெல்லாம் 12, 13 பாகை நிலவறையில் நடக்கிற கதை. லியோனில் குசினி வேலையை விட்டு வரும்போது நானும் ஒரு மொர்கோன் கொண்டுவந்து, தகரக் கூரைக்குக் கீழே அலுமாரி மேல் வைத்தேன். சோளகம் முடிய இறக்கிப் பார்த்தால், தக்கை மேலே தள்ளி நிற்கிறது, லேபிளில் சிவப்பு ஒழுகிக் காய்ந்திருக்கிறது. உள்ளே காய்ச்சிய ஜாம் வாசம். உங்களுடையதை இந்த மாதமே திறவுங்கள்.

முல்லைத்தீவு வாசகர்: முற்றத்தில் ஆழமாகப் புதைத்தால்?

வெயில் ஏற்றஇறக்கம் தெரியாது, அது நல்லதுதான். ஆனால் ஆழத்து மண்ணின் சூடு அந்த ஊரின் வருடச் சராசரியை ஒட்டியே இருக்கும். பிரான்சில் அது நிலவறைக் குளிர். நமக்கு 28 பாகை. லேபிளைக் கறையான் தின்பதுதான் மிச்சம்.

வவுனியா வாசகி: ஃபிரிட்ஜில்?

சில மாதத்துக்குப் பரவாயில்லை. வருடக்கணக்கில் வைத்தால் தக்கை காயும், குளிரில் வைனும் முதிராது.

மாங்குளம் வாசகர்: ரொறன்ரோ அக்கா தந்த நயாகரா கமேக்குத் திருகுமூடி. படுக்க வைக்கவேணுமா?

வேண்டாம். நனைய வேண்டியது தக்கைதான்.

புதுக்குடியிருப்பு வாசகர்: பொஜொலே நுவோவை எத்தனை வருடம் வைக்கலாம்?

வருடமா! அது அறுவடை செய்த அதே வருடம் விற்கிற இளம் பொஜொலே வைன். நவம்பர் மூன்றாம் வியாழன் விற்பனைக்கு வந்தால் சில மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும். பனங்கள்ளை நாளைக்கென்று யாராவது எடுத்து வைப்பார்களா? குடிக்குமுன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.