வங்காளம் பேசுகிறவர்களுக்கு வீடு வாடகைக்கு விடலாமா?

கேள்வி: திருப்பூர் பக்கத்தில் எங்களுக்குச் சில லைன் வீடுகள் இருக்கின்றன. இரண்டு வீட்டில் மேற்கு வங்கம் மால்டாவிலிருந்து வந்ததாகச் சொல்லும் பையன்கள் குடியிருக்கிறார்கள். பனியன் கம்பெனியில் வேலை. ஆதார் நகல் கொடுத்திருக்கிறார்கள். வங்கதேசத்தவர் பிடிபட்ட செய்திகளைப் பார்த்துவிட்டு, "காலி பண்ணச் சொல்லுங்க" என்று அக்கம்பக்கத்தார் நெருக்குகிறார்கள். நாளைக்கு ஏதாவது என்றால் என் தலையில் விழுமா?

பதில்: காலி செய்யச் சொல்ல வேண்டாம். விவரங்களை ஒழுங்காக வாங்கி, காவல் நிலையத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எந்த நாட்டவர் என்று தீர்ப்பு சொல்வது உங்கள் வேலையும் இல்லை, பக்கத்து வீட்டார் வேலையும் இல்லை.

உங்கள் பயத்தில் அர்த்தமில்லை என்று சொல்ல மாட்டேன். 2025 ஜனவரியில் பல்லடம் பகுதியிலேயே உரிய ஆவணம் இல்லாமல் வேலை பார்த்ததாக வங்கதேசத்தவர் பலர் கைதானார்கள். இந்திய-வங்கதேச எல்லை 4,096 கிலோமீட்டர். அதில் 2,217 கிலோமீட்டர் மேற்கு வங்கத்தில் இருக்கிறது. ஆறும் சதுப்புமான பல இடங்களில் வேலியே போட முடியாது. சட்டமும் கடுமையாகிவிட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டப்படி, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். போலி ஆவணம் என்றால் 2 முதல் 7 ஆண்டு சிறை.

ஆனால் பேச்சை வைத்தும் பெயரை வைத்தும் முடிவுக்கு வருவதுதான் பெரிய தவறு. மேற்கு வங்கத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பிலேயே 9 கோடிக்கு மேல். அதில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 27 பேர். மால்டாவில் பாதிக்கு மேல், முர்ஷிதாபாத்தில் மூன்றில் இரண்டு பங்கு. திரிபுராவிலும் அசாமின் சில்சார் பக்கத்திலும் வங்காளம்தான் பேச்சுமொழி. இரு நாட்டு எல்லையில் ஓடும் பத்மா ஆற்றின் இக்கரையிலும் அக்கரையிலும் உடை, சாப்பாடு, பேச்சு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

இதில் அதிகாரிகளே தவறியிருக்கிறார்கள். 2025இல் மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணியை டெல்லியில் பிடித்து, குடும்பத்தோடு வங்கதேசத்துக்கு அனுப்பிவிட்டார்கள். செப்டம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமும் தலையிட்ட பிறகு, டிசம்பரில்தான் அவரும் அவருடைய சிறு மகனும் மால்டா எல்லை வழியாகத் திரும்பி வந்தார்கள். நிறைமாதத்தை நெருங்கிய ஒரு பெண்ணை அந்நிய நாட்டில் தவிக்கவிட்டது, எப்படிப் பார்த்தாலும் மன்னிக்க முடியாத அவசரம். அதிகாரமும் ஆவணங்களும் கையில் இருப்பவர்களே இப்படித் தவறும்போது, தெருவில் நின்று நாம் முடிவெடுப்பது எவ்வளவு ஆபத்து என்று அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லுங்கள்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஆதார் நகலை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஆதார் குடியுரிமைக்குச் சான்று அல்ல என்று 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டமே சொல்கிறது. ஓராண்டில் 182 நாள் இங்கே தங்கிய வெளிநாட்டவரும் முறைப்படி ஆதார் வாங்க முடியும். ஆனால் அட்டை போலியா என்று நீங்களே பார்க்கலாம். ஆதார் ஆணையத்தின் செயலியால் அட்டையில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் பெயரும் படமும் வரும். ஆணையத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் வயது வரம்பு, பாலினம், மாநிலம், கைபேசியின் கடைசி மூன்று இலக்கங்கள் தெரியும். பையன்களை முன்னால் வைத்துக்கொண்டே செய்யுங்கள். வாக்காளர் அட்டை இருந்தால் அதன் எண்ணையும் தேர்தல் ஆணையத் தளத்தில் தேடிப் பாருங்கள். கூடவே சொந்த ஊர், காவல் நிலைய எல்லை, வீட்டில் ஒருவருடைய கைபேசி எண், இங்கே வேலை தரும் கம்பெனி அல்லது காண்ட்ராக்டர் பெயர் எல்லாம் வேண்டும். கம்பெனி அடையாள அட்டை, பி.எஃப். எண் இருந்தால் இன்னும் நல்லது.

வாடகை ஒப்பந்தம் போடாமல் இருந்தால் உடனே போடுங்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆக வேண்டும். லைன் வீட்டுக்கு எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பிரச்சினை என்று வரும்போது முதலில் கேட்கப்படும் காகிதம் அதுதான்.

அப்புறம் இவற்றின் நகல்களோடு குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து, இன்னொரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் மாறும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும். ஒரு வீட்டுக்கு நாலு பேர் என்று சொல்லிவிட்டு ஏழு பேர் தங்குவது இங்கே சாதாரணம், அந்த மூன்று பேரின் விவரத்தையும் சேர்த்தே கொடுங்கள். வெளிநாட்டவர் என்று தெரிந்தே மறைத்தால் உங்களுக்குச் சிக்கல். முறையாக விசாவில் வந்த வெளிநாட்டவருக்கு வீடு விட்டாலும், 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

அசல் ஆதாரை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். பையன்களின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடவும் யாரையும் விடாதீர்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய பொய் வீடியோக்களால் திருப்பூர் ரயில் நிலையத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் ஊருக்குக் கிளம்பியதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

போலீஸ் விசாரணைக்கு வந்தால் ஒத்துழையுங்கள். சொந்த மாவட்டத்துக்கு எழுதிக் கேட்டு 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும் என்று மத்திய உள்துறை 2025 மே மாதம் மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. மேற்கு வங்க அரசுக்குப் புலம்பெயர் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது, பையன்கள் அங்கே பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, பெற்றோர் பெயர் உள்ள பழைய வாக்காளர் பட்டியல் பக்கம் ஆகியவற்றின் படங்களை ஊரிலிருந்து இப்போதே வாங்கிக் கைபேசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிடித்துக்கொண்டு போன பிறகு வீட்டுக்குப் போன் செய்ய அவர்களுக்கு நேரம் கிடைக்குமா என்று தெரியாது.