வெள்ளிக்கிழமை உபவாசமும் ராத்திரி பத்து மணி முறுக்கும்

கேள்வி: எனக்கு 44 வயது. தூத்துக்குடி மாவட்டம். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். உயரம் 157 செ.மீ., எடை 81 கிலோ. மூன்று வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரு மாத்திரை போடுகிறேன். கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 7.8. ஒவ்வொரு வெள்ளியும் சபையில் உபவாச ஜெபம், மூன்று மணி வரை தண்ணீர் மட்டும்தான். ஆனாலும் எடை குறையவில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு எதையாவது எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, அழுது மன்னிப்புக் கேட்கிறேன். சபையில் ஒரு அக்கா, "இது போஜனப்பிரிய ஆவி, 21 நாள் தானியேல் உபவாசம் இருங்க, போயிரும்" என்கிறார். இவ்வளவு ஜெபிக்கிறவளால் ஏன் வாயைக் கட்ட முடியவில்லை? இது பாவமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்வியைப் பிறகு பார்க்கலாம். முதலில் மாத்திரை. அதற்கு அவசரம் இருக்கிறது.

கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். வெள்ளிக்கிழமை காலையில் அதைப் போட்டுவிட்டு மூன்று மணி வரை வெறும் தண்ணீரில் இருந்தால், இரத்தத்தில் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கலாம். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும், காரணமில்லாமல் கோபமோ அழுகையோ வரும். ஜெபக்கூட்டத்தில் முழங்காலில் இருக்கும்போது இப்படி வந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொள்ளக்கூடும். தயவுசெய்து நீங்கள் அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அதைக் கைப்பையில் கொண்டுபோங்கள். 70-க்குக் கீழே காட்டினால், அல்லது மீட்டர் இல்லாமல் இந்த அறிகுறிகள் வந்தால், மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கி உடனே குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். உபவாசம் முறிந்ததே என்று ஒரு நிமிடம்கூட வருத்தப்பட வேண்டாம்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. சர்க்கரை அப்படி இறங்கி ஏறும்போது வரும் பசி சாதாரணப் பசி இல்லை. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்கிற பசி. உபவாசம் முடிந்ததும் சபையில் டீயும் கேசரியும், வீட்டுக்கு வந்ததும் ஒரு தட்டு சாதம், ஆறு மணிக்கு வடை, எட்டரைக்கு மறுபடி சாதம் என்று பலருக்கும் வெள்ளிக்கிழமை போகிறது. காலையிலும் மதியமும் விட்டது முழுதும் ராத்திரிக்குள் திரும்பி வந்துவிடும். வாரம் தவறாமல் உபவாசம் இருந்தும் தராசு முள் அசையாததற்கு இது ஒரு முக்கியமான காரணம். தவிர, கிளிமிபிரைடு வகை மாத்திரைகள் எடையைக் கொஞ்சம் கூட்டவும் செய்யும். சர்க்கரைக்கு எடை கூட்டாத மருந்துகளும் இருக்கின்றன. உங்களுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நீங்களாக நிறுத்த மட்டும் வேண்டாம். மாற்றிக் கொடுக்கும் மருந்தின் பெயர் "ஃப்ளோசின்" என்று முடிந்தால், அதோடும் நீண்ட உபவாசம் ஒத்துவராது என்பதை நினைவில் வையுங்கள்.

சரி, பாவமா என்ற கேள்வி.

நான் உணவியல் பார்ப்பவள், போதகர் இல்லை. ஆனால் ஞாயிறு காலை நானும் அதே பெஞ்சில் உட்காருகிறவள் என்பதால் சொல்கிறேன். வேதாகமம் அடக்கமில்லாமல் உண்பதைக் கண்டிக்கிறது. தேனைக் கண்டுபிடித்தால்கூட மட்டாய்ச் சாப்பிடு என்கிறது. தராசு காட்டும் எண்ணைப் பாவம் என்று எங்கேயும் சொல்லவில்லை. உங்கள் 81 கிலோவுக்குள் எத்தனையோ இருக்கிறது: அப்பா அம்மாவிடமிருந்து வந்த உடல்வாகு, மாதவிடாய் நிற்கப்போகும் வயது, நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்காருவது, அரைத் தூக்கம், இப்போது சொன்ன மாத்திரை. தைராய்டு குறைவும் இருக்கலாம். டிஎஸ்எச் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கான பிஎம்ஐ உங்களுக்கு 33-க்குக் கொஞ்சம் கீழே. இந்தியர்களுக்கு 25-க்கு மேல் போனாலே உடல் பருமன் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆகவே குறைக்கத்தான் வேண்டும். ஆனால் அது நோய்க்குச் செய்யும் வைத்தியம். குற்றத்துக்குக் கட்டும் அபராதம் போல அதைச் செய்யாதீர்கள்.

ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரியும். என்னிடம் வந்த ஓர் அம்மா, முகம் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கிறிஸ்துமஸுக்குச் சுட்ட அச்சு முறுக்கு, பிரிட்ஜ் மேலே பழைய பிஸ்கட் டின்னில், அடியில் செய்தித்தாள் விரித்து வைத்திருக்கிறது. டின் மூடி 'டப்' என்று சத்தம் போடும். அதனால் சேலைத் தலைப்பை மூடி மேல் போட்டு, விளிம்பை விரல் நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புவாராம். விளக்குப் போடாமல், அடுப்படியில் நின்றுகொண்டே ஐந்தாறு முறுக்கு. கடிக்கிற சத்தம் கேட்காமல் இருக்க வாயில் ஊறவைத்துச் சாப்பிட்டிருக்கிறார். "ருசியே தெரியாது டாக்டரம்மா, நிறுத்தத்தான் முடியாது" என்றார். நான் டாக்டர் இல்லை என்று திருத்தக்கூட எனக்கு மனம் வரவில்லை.

ருசி தெரியாமல், பசி இல்லாமல், நிறுத்த முடியாமல், ஒளித்துச் சாப்பிடுவது வாரத்துக்கு ஒருமுறையாவது நடந்து மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், மருத்துவத்தில் அதற்குப் பெயர் உண்டு: கட்டுப்பாடற்ற உண்ணல் கோளாறு. மனநல மருத்துவர்கள் இதற்குச் சிகிச்சை தருகிறார்கள், குணமும் ஆகிறது. விசுவாசக் குறைவால் வருவது இல்லை. உங்களுக்கு இருப்பது அதுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். பெரும்பாலும் இது ஒரு சுழற்சியாகத்தான் ஓடுகிறது. ராத்திரி சாப்பிட்ட குற்ற உணர்வில் காலைப் பலகாரத்தை விடுவது, மதியமும் அரைகுறை, சாயங்காலம் வந்ததும் உடம்பு பிடிவாதம் பிடிப்பது, ராத்திரி டின். அழுது மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுநாள் இன்னும் கடுமையாகப் பட்டினி கிடந்தால் சுழற்சி வேகம் எடுக்கும், அவ்வளவுதான்.

தீர்க்கதரிசி எலியாவை நினைத்துப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்ட மனிதரிடம் தேவதூதன் வந்து முதலில் சொன்னது, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்பதுதான். சாப்பிட்டார், மறுபடி படுத்துத் தூங்கினார், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைக்கப்பட்டார். பிரயாணம் அதற்கு அப்புறம்தான். உங்களுக்கும் நான் தரும் முதல் மருந்து அதுவே: எந்த ராத்திரி என்ன நடந்திருந்தாலும் காலை எட்டரைக்குள் பலகாரம் சாப்பிட வேண்டும். இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு அவித்த முட்டை.

அடுத்தது தானியேல். அந்த அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். தானியேல் முதலாம் அதிகாரத்தில் அந்த வாலிபர்கள் "பருப்பு முதலான மரக்கறிகளையும்" தண்ணீரையும் கேட்டு வாங்கியது பத்து நாளுக்கு. பத்தாம் நாள் முடிவில் என்ன ஆயிற்று? 15-ஆம் வசனத்தைப் பாருங்கள்: அவர்கள் "சரீரம் புஷ்டியுள்ளதாயும்" காணப்பட்டது. மெலிந்ததாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை! ராஜாவின் பந்தியில் தங்களைத் தீட்டுப்படுத்தக் கூடாது என்ற தீர்மானம் அது. மூன்று வாரக் கணக்கு பத்தாம் அதிகாரத்தில் வருகிறது. அது துக்கத்தோடு ஜெபித்த நாட்கள். இரண்டிலும் எடைக்கு வேலை இல்லை.

நடைமுறையிலும் நான் பார்ப்பது வேறு. 21 நாள் இருப்பவர்கள் பலர் பேரீச்சம்பழம், பழச்சாறு, அவித்த கிழங்கு, சாதம், ரசம் என்று இருக்கிறார்கள். மீனும் முட்டையும் போய்விடும், பருப்பையும் மறந்துவிடுவார்கள். சர்க்கரை உள்ளவருக்கு இது நேர் எதிரான உணவு. புரதம் குறைந்தால் தசை கரையும். 21 நாள் முடிந்து பழைய சாப்பாட்டுக்கு வந்ததும் எடை ஏறிவிடும். உங்களுக்குத் தானியேல் வழி பிடித்திருந்தால் அந்தப் "பருப்பு" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பாசிப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கீரை. தூத்துக்குடிப் பக்கம் இருந்துகொண்டு சாளை மீனை ஏன் விட வேண்டும் என்றும் கேட்பேன்.

உபவாசத்தை விடச் சொல்லவில்லை. எடைக் குறைப்போடு சேர்த்து முடிச்சுப்போடாதீர்கள் என்கிறேன். டாக்டர் மாத்திரையைச் சரிசெய்து தரும்வரை, வெள்ளிக்கிழமை உணவை விடாமல் வேறொன்றை விடுங்கள்: போன், சீரியல், அல்லது அந்த வார மட்டன் காசு. பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதைத்தான் ஏசாயா 58 உபவாசம் என்கிறது.

அப்படியானால் விசுவாசத்துக்கு இதில் என்ன வேலை? நிறைய இருக்கிறது. நேரம் தவறாமல் ஒரு காரியத்தைச் செய்யும் பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எடை குறைக்க வருகிறவர்களில் பலருக்கு அதுதான் கிடையாது.

சாப்பாட்டு ஜெபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் சோற்றுச் சட்டியும் குழம்புச் சட்டியும் நடுவில் இருக்க, ஜெபித்துவிட்டுப் பரிமாறுகிறோம். இதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் தட்டில் பரிமாறுங்கள்: பாதித் தட்டு காய், கால் பங்கு மீன் அல்லது பயறு, கால் பங்கு சாதம். சட்டிகளை அடுப்படியில் கொண்டுபோய் மூடி வையுங்கள். பிறகு உட்கார்ந்து, இந்தத் தட்டுக்காக நன்றி சொல்லுங்கள். முடித்ததும் இன்னொரு சின்ன ஜெபம். கத்தோலிக்க வீடுகளில் சாப்பிட்ட பின் ஜெபிக்கும் வழக்கம் இருக்கிறது, நாமும் எடுத்துக்கொள்ளலாம். ஆமென் சொன்ன பிறகு சட்டியைத் தேடி எழுந்துபோக மனம் கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கம் நமக்குப் போதும்.

ராத்திரிக்கு: எட்டு மணிக்குள் வயிறு நிறைய, பயறோ முட்டையோ சேர்ந்த சாப்பாடு. முறுக்கு டின் வீட்டிலேயே வேண்டாம். பிள்ளைகளுக்கு வேண்டுமானால் கடையிலிருந்து ஒரு சின்னப் பாக்கெட் போதும். ஆசை எழும்போது அதோடு சண்டை போடாதீர்கள். பெரும்பாலும் கால் மணி, அரை மணிக்குள் தானாகத் தணியும். அந்த நேரத்துக்கு நான்காம் சங்கீதத்தை வைத்துக்கொள்ளுங்கள். "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்று முடிகிற சங்கீதம் அது. அப்படியும் எழுந்து சாப்பிட்டுவிட்டால், விளக்கைப் போட்டு, தட்டில் வைத்து, உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒளிப்பதை முதலில் விடுவோம், அளவு அப்புறம் குறையும்.

ஒரே ஒரு ஆளிடம் சொல்லி வையுங்கள். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. மைக்கில் அறிவிக்கச் சொல்லவில்லை. ஐயரம்மாவோ (போதகரின் மனைவி), நம்பிக்கையான ஒரு தோழியோ போதும். சாயங்காலம் இருவரும் அரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் நடங்கள். 150 நிமிடம் ஆகிவிடும். ஜெபக் குறிப்புகளை நடந்துகொண்டே பேசலாம். மெஷினில் இருக்கும்போது, பாபின் நூல் தீரும் ஒவ்வொரு முறையும் எழுந்து வாசல்வரை போய்வாருங்கள்.

இரண்டு மூன்று கிலோ குறைந்ததும் சபையில் சாட்சி சொல்லச் சொல்வார்கள். ஒரு வருடம் பொறுங்கள். எடை குறையும்போது உடம்பு பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். சிலருக்குப் பாதி திரும்பி வரும். சாட்சி சொன்னவர் எடை திரும்பியதும் வெட்கப்பட்டுக் கூட்டத்துக்கே வராமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்னும் வலிக்கிறது. கிலோ கூடினாலும் அவர் அதே தேவனுடைய பிள்ளைதானே?

பொறுமைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2009-இல் வெளியான லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வில், ஒரு புதிய பழக்கம் யோசிக்காமலே வருமளவுக்கு ஊற, சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் மட்டும் கட்டுப்பாடாக இருந்துவிட்டு ஈஸ்டர் பிரியாணியோடு விடுகிறோமே, அந்த 40 நாள் பலருக்கும் போதாது என்று இதில் தெரிகிறது. லெந்து தொடங்கும் சாம்பல் புதனில் ஆரம்பித்தால் பெந்தெகொஸ்தே வரை போங்கள், 95 நாள் வரும். ஈஸ்டர் பிரியாணியும் சாப்பிடுங்கள், பாதித் தட்டு.

எதிர்பார்ப்பு இதுதான்: ஆறு மாதத்தில் 81-லிருந்து 76. ஐந்து கிலோ கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் முழங்கால் வலியும் இறங்க அதுவே நல்ல தொடக்கம்.

இந்த வெள்ளிக்கு முன்னாலேயே மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். "உபவாசம் இருக்கிறேன், மூன்று மணி வரை" என்று நேரத்தோடு சொல்லுங்கள். நீங்களாகச் சொல்லாவிட்டால் பல டாக்டர்களுக்கு இது தெரியவே வராது. ராத்திரிச் சாப்பாட்டையும் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி சராசரி பார்த்துவிட்டு, எண் எதுவாக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள்.