கேளுங்க, சொல்றோம்: அவுட்ஹவுஸ் கேபிளுக்கு எம்சிபி மட்டும் போதுமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் கட்டி வாடகைக்கு விடப் போறோம். கீசர், வாஷிங் மெஷின் எல்லாம் அங்க வரும், மெயின் போர்டுலேருந்து கேபிள் 30 மீட்டர் ஓடும். ஒரு எலெக்ட்ரீஷியன் 20 ஆம்ப் எம்சிபி (ஓவர்லோடு ஆனா தானா விழற ஸ்விட்ச்) ஒண்ணு போதும்ங்கறார், இன்னொருத்தர் ரெண்டு பக்கமும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா வெட்டற ஸ்விட்ச்) போட்டே ஆகணும்னு நிக்கிறார். வீட்டுக்குள்ள ஏற்கெனவே ஒரு 30 மில்லி இருக்கு. யார் பேச்சைக் கேக்கறது?
– வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: முதல் ஆள் பேச்சை விட்டுடுங்க மேடம். எம்சிபி ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான், கேபிள் கருகாம பாத்துக்கும், ஷாக் அடிச்சா அதுக்குத் தெரியாது. நம்ம பக்கம் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு தனி எர்த் பிட், பெங்களூர்ல பல இடத்துல கொஞ்சம் தோண்டினாலே பாறை வந்துடும், எர்த் ஆழமா இறங்காது, அதனால எர்த் ரெசிஸ்டன்ஸ் 20 ஓம் இருக்குன்னு வைங்க, கீசர் பாடியில ஃபேஸ் தொட்டா 230ஐ 20ஆல வகுத்து பதினொன்றரை ஆம்ப்தான் ஓடும், 20 ஆம்ப் எம்சிபி அதை ஏதோ லோடுன்னு நினைச்சு நாள் பூரா சும்மா உக்காந்திருக்கும், கீசர் பாடியில கரண்ட் இருந்துக்கிட்டே இருக்கும். சி டைப் எம்சிபி உடனே விழணும்னா 100லேருந்து 200 ஆம்ப் வரைக்கும் ஓடணும், அந்த எர்த் வழியா அவ்ளோ எங்க ஓடறது? ஆர்சிசிபி போற கரண்டையும் வர்ற கரண்டையும் ஒப்பிட்டுப் பாக்கும், 30 மில்லி ஆம்ப் வித்தியாசம் வந்தாலே வெட்டிடும்.

அதுக்காக ரெண்டு பக்கமும் 30 போட்டா எது முதல்ல விழும்னு சொல்லவே முடியாது. குடித்தனக்காரங்க கீசர் லீக் ஆனா உங்க போர்டுல விழலாம், ராத்திரி அவங்க உங்க கதவைத் தட்டுவாங்க. வீட்டு 30 மில்லிக்குக் கீழேருந்து கேபிள் எடுத்தா இன்னும் மோசம், உங்க ஃப்ரிட்ஜும் சேர்ந்து நிக்கும்.

அதனால கேபிளை வீட்டு ஆர்சிசிபிக்கு முன்னாடியே மெயின் ஸ்விட்சுலேருந்து தனியா எடுங்க. மெயின் ஸ்விட்ச் முனையில 20 ஆம்ப் டபுள் போல் எம்சிபி (ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் வெட்டறது), கூட 100 மில்லி ஆர்சிசிபி, எஸ் டைப். இது கொஞ்சம் தாமதிச்சுத்தான் விழும், அதுக்குள்ள அவுட்ஹவுஸ்ல இருக்கற 30 மில்லி விழுந்துடும், மண்வெட்டி பட்டு கேபிளே அடிவாங்கினா மட்டும் 100 விழும். எஸ்.பி. ரோடு கடையில வெறும் 100 மில்லின்னு கேட்டா சாதாரணத்தை எடுத்து நீட்டுவாங்க, சதுரத்துக்குள்ள எஸ் போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. அவுட்ஹவுஸ்ல 25 ஆம்ப், 30 மில்லி, ஏ டைப் ஆர்சிசிபி (ஏசி டைப் வெறும் ஏசி லீக்கை மட்டும்தான் பாக்கும், இப்ப வர்ற இன்வெர்ட்டர் வாஷிங் மெஷினுக்கு அது சரிப்படாது), அதுக்குக் கீழ கீசருக்கும் லைட்டுக்கும் தனித்தனி எம்சிபி. ஆர்சிசிபிக்கு ஓவர்லோடு தெரியாது, அதனால எம்சிபி வேணாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க.

கேபிள் 4 ஸ்கொயர் எம்எம் காப்பர், மூணு கோர், ஆர்மர்டு (மேல இரும்புக் கவசம் இருக்கறது). 16 ஆம்ப் ஓடினா நாலரை வோல்ட் போலதான் குறையும், 2.5ல 7 வோல்ட் போகும். ஆர்மரை கிளாண்ட் (கேபிள் முனையை இறுக்கிப் பிடிக்கற உலோக ஃபிட்டிங்) போட்டு எர்த் பண்ணச் சொல்லுங்க, சும்மா விட்டுட்டுப் போயிடுவாங்க.

கேள்வி: மழை பெஞ்சாலே எங்க ஷெட்ல இருக்கற 30 மில்லி ஆர்சிசிபி விழுது. 100 மாத்திடலாமாங்கறார் எலெக்ட்ரீஷியன். மாத்தலாமா?
– வாசகர், ஓசூர் ரோடு, பெங்களூரு

பதில்: வேணாம் சார், 100 தீப்பிடிக்காம இருக்கத்தான், ஆள் உயிரைக் காப்பாத்த 30தான். மழையில விழுதுன்னா வெளிய இருக்கற ஸ்விட்ச் பாக்ஸ், கேட் லைட்ல தண்ணி இறங்குதான்னு முதல்ல பாருங்க. அப்புறம் எல்லா ப்ளக்கையும் கையால உருவிட்டு ஒவ்வொண்ணா சொருகுங்க, எம்சிபியை மட்டும் ஆஃப் பண்ணிப் பாத்தா கண்டுபிடிக்க முடியாது, சிங்கிள் போல் எம்சிபி நியூட்ரலை வெட்டாது, நியூட்ரல் எர்த்ல தொட்டிருந்தா அப்பவும் விழும்.