பேக்கிங் செலவு: பூஜ்யம்

கேள்வி: சென்னையில் ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் சிவகாசி. அப்பா ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின்மேன். ஒன்றரை வருடமாக என் ஓவியங்களை பிரின்ட், ஸ்டிக்கர், காலண்டர் என்று இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். மாதம் 90 ஆர்டர் வருகிறது. அடுத்த வருடம் 300 ஆக்கி, படிப்பு முடிந்ததும் இதையே முழுநேரத் தொழிலாக்க ஆசை. கல்லூரியில் எழுதச் சொன்ன பிசினஸ் பிளானை இணைத்திருக்கிறேன். வான்கோ, ரவி வர்மா, எங்கள் பக்கத்து கொண்டையா ராஜு மூவரும் என் ஆதர்சம். தனி ஆளாக நின்று சாதித்தவர்கள். ஆனால் எனக்கென்று ஒரு பாணி இன்னும் அமையவில்லையே என்று பயமாக இருக்கிறது. பிராண்டுக்குத் தமிழில் பெயர் வைப்பதா, ஆங்கிலத்திலா? ஆர்டர் எடுத்து வரைந்த போர்ட்ரெய்ட்களையும் பிரின்ட் போட்டு விற்கலாமா? பேக்கிங், கூரியர் தொல்லை இல்லை. பிளஸ் டூ படிக்கும் தங்கச்சி வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறாள். வழிகாட்டுங்கள்.
- பெயர் வேண்டாம், சிவகாசி

பதில்:

உன் பிளான் பதினோரு பக்கம். முழுக்கப் படித்தேன். லோகோவுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் ஒதுக்கி, மயில்கழுத்து நீலம் ஏன், பக்கத்தில் மஞ்சள் ஏன் என்று விளக்கியிருக்கிறாய். 'துணிந்து இறங்கு, நன்றாக வருவாய்' என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாய். அதைச் சொல்ல உன் பக்கத்துக்குக் கீழே நிறையப் பேர் இதயம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்னால் ஏழாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

ஏழாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. ஏ5 பிரின்ட் ஒன்றின் விலை 199 ரூபாய். அச்சுக்கு 22, கவருக்கும் அட்டைக்கும் 11, கூரியர் 55, விளம்பரம் 20, 'ஓவியர் ஊதியம்' 40. அதற்குக் கீழே, 'பேக்கிங்: 0 (தங்கச்சி)'. லாபம் 51.

அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

உங்கள் நேரத்துக்கு விலை போடுங்கள் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நல்ல பாடம். 40 ரூபாய் போட்டுவிட்டாய், தப்பில்லை. அவள் நேரம் என்ன, குழாய்த் தண்ணீரா?

ஒரு பார்சல் கட்டுவது என்றால் என்ன என்று உனக்கு மறந்திருக்கும். பிரின்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து மைக்கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூலை மடங்காமல் கண்ணாடிக் கவருக்குள் நுழைக்க வேண்டும், பின்னால் அட்டை கொடுக்க வேண்டும். பபிள் ராப், டேப், முகவரி. அது போக நன்றிக் கார்டு. பத்து நிமிஷம் என்று வைத்துக்கொள். 90 பார்சலுக்கு 900 நிமிஷம், மாதம் பதினைந்து மணி நேரம். உன் 300 இலக்குக்கு ஐம்பது மணி நேரம். பிளஸ் டூ முடித்து அவளும் எங்காவது படிக்கப் போவாளே, அப்போது யார் கட்டுவது? இரண்டாம் வருடத்துக்கான அட்டவணையிலும் அதே பூஜ்யம், அதே அடைப்புக்குறி. அவள் படித்து வெளியே போவாள் என்கிற நினைப்பே பிளானில் எங்கும் இல்லை.

ஒன்பதாம் பக்கம் இதைவிட மோசம். 'எங்கள் பலம்' என்ற தலைப்பில் முதலாவதாக நீ எழுதியிருப்பது உன் ஓவியத்தை அல்ல. 'கையால் எழுதிய நன்றிக் கார்டு. வாடிக்கையாளர்கள் இதைத்தான் அதிகம் படம் எடுத்துப் போடுகிறார்கள்' என்று எழுதியிருக்கிறாய். நீ இருப்பது சென்னை ஹாஸ்டலில். பார்சல் கிளம்புவது சிவகாசியில். அப்படியென்றால் அந்தக் கையெழுத்து யாருடையது? படம் எடுத்துப் போட்டவர்களிடம் 'அது என் தங்கச்சி எழுத்து' என்று ஒரு தடவையாவது சொன்னாயா? சொல்லியிருந்தால் அதையும் பிளானில் எழுதியிருப்பாய், நீ எதையும் விடுகிற ஆள் இல்லை.

'அவள் ஆசையாகத்தான் செய்கிறாள், கேட்டால் அக்காவுக்குத்தானே என்பாள்' என்று பதில் வைத்திருப்பாய். இந்த வசனத்தை முப்பது வருஷமாகக் கடிதங்களில் படித்து வருகிறேன். அண்ணனின் கடைக் கணக்கை எழுதும் தங்கை, மாமாவின் மெஸ்ஸில் காய் நறுக்கும் சித்தி, எல்லோரும் ஆசையாகத்தான் செய்வார்கள். வீட்டுக்குள் என்ன கணக்கு என்று சொல்கிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பார், அநேகமாக வாங்கிக்கொள்கிற பக்கம்தான் இருப்பார்கள். நான் கூடப்பிறந்தவர்கள் உதவக் கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவது உதவி. ஒன்றரை வருஷம் தினம் ராத்திரி பரிமாறினால் அது வேலை, அதற்குக் கூலி உண்டு.

என் பெரிய மாமா சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் என் அம்மா அங்கே பாரம் மடித்துக் கொடுத்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தரையில் உட்கார்ந்து நோட்டீஸ், பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என்று எது வந்தாலும் மடிப்பாராம். மாமா கடைசி வரை, 'ஒத்தை ஆளா நின்னு பிரஸ்ஸைக் கொண்டுவந்தேன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. ஆனால் இன்றைக்கும் அவர் கையில் ஒரு மளிகை ரசீதைக் கொடுத்துப் பார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு இழு இழுத்து, கத்தி மாதிரி மடிப்பு வைத்துத்தான் திருப்பித் தருவார். 'ஒத்தை ஆள்' என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நகம்தான் ஞாபகம் வரும்.

நீயும் அதே வார்த்தையைத்தான் எழுதியிருக்கிறாய், தனி ஆளாக நின்று சாதித்தவர்கள் என்று. மூவரில் யாரம்மா தனி ஆள்?

வான்கோவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பியது தம்பி தேயோ. வண்ணமும் கேன்வாஸும் அந்தப் பணத்தில் வந்தவை. வான்கோவுக்கே அது உறுத்தி, 1884ல் தம்பிக்கு எழுதினார்: இனி என் படங்களை உனக்கு அனுப்புகிறேன், நீ தரும் பணத்தை அதற்கான விலையாக வைத்துக்கொள்வோம், இனாமாக வேண்டாம் என்கிற மாதிரி. விலை போகாத காலத்திலும் அந்த மனிதர் தம்பியோடு கணக்கு வைத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறார். 1890 ஜூலையில் அவர் இறந்தார், ஆறே மாதத்தில் தம்பியும் போய்விட்டார். கைக்குழந்தையோடு நின்ற தம்பி மனைவி யோதான் அந்தப் படங்களைக் கட்டிக் காத்தார், கண்காட்சிகளுக்கு அனுப்பினார், 1914ல் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டார். அவர் இல்லாவிட்டால் உன் ஹாஸ்டல் சுவரில் அந்த நட்சத்திர இரவு தொங்குமா என்பது சந்தேகம்தான்.

ரவி வர்மாவோடு ஊர் ஊராகப் போனவர் தம்பி ராஜ ராஜ வர்மா. அவரும் ஓவியர்தான். அண்ணனின் படங்கள் சிலவற்றில் பின்னணி வரைந்து, ஆர்டர் கவனித்து, பயணத்தையும் பார்த்துக்கொண்டார். நாட்குறிப்பு வேறு எழுதி வைத்தார். 1894ல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபோதும் கூட இருந்தார். (அந்த அச்சகம் கடனில் போய் ஒரு ஜெர்மானியர் கைக்கு மாறியதையும் உன் பிளானில் 'ரிஸ்க்' என்ற தலைப்பில் சேர்த்துக்கொள். ரவி வர்மாவுக்கே நடந்தது.) 1905ல் தம்பி இறந்தார், மறு வருஷம் அண்ணன்.

கொண்டையா ராஜுவைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், உங்கள் ஊரிலிருந்து கோவில்பட்டி பக்கம்தானே. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர் கோவில்பட்டியில் தங்கிவிட, சிவகாசி அச்சகங்கள் அவர் வரைந்த முருகனையும் லட்சுமியையும் காலண்டராக்கி வீடு வீடாகக் கொண்டுபோயின. உங்கள் வீட்டிலோ பாட்டி வீட்டிலோ பழைய படம் ஏதாவது கண்ணாடி போட்டு மாட்டியிருந்தால் இறக்கித் துடைத்து, கீழே ஓரத்தைப் பார். அவர் கையெழுத்துப் பல படங்களில் தனியாக இருக்காது. பக்கத்தில் டி.எஸ். சுப்பையா என்றோ எம். ராமலிங்கம் என்றோ சீடரின் பெயர் இருக்கும். ஒரே படத்துக்கு இரண்டு பெயர். குரு நினைத்திருந்தால் தன் பெயரோடு நிறுத்தியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பாணி பாணி என்று தவிக்கிறாயே, இவர்களிடமிருந்து முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த இரண்டாவது பெயர். கோடும் நிறமும் வரைய வரைய வரும். மூன்றாம் ஆண்டில் பாணி அமையவில்லை என்று யாரும் செத்துப்போனதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொண்டாலும் சரி. வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டிய ஊர் உன்னுடையது. அங்கே வேலை செய்த குழந்தைகளுக்காக வழக்கு நடந்து 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உன் தங்கைக்குப் பதினேழு வயது இருக்கும், வீட்டில் கை கொடுக்கிறாள். அதுவும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ராத்திரி உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்த்தால், சிவகாசியில் பிறந்தவளுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் உறுத்த வேண்டும்.

அதுவும் எந்த மாதத்தில்? உன் விற்பனை வரைபடத்தில் கோடு செங்குத்தாக ஏறுவது டிசம்பரில். காலண்டர், டைரி, புத்தாண்டு வாழ்த்து எல்லாம் அப்போதுதான். அவளுக்கு அரையாண்டுத் தேர்வும் டிசம்பரில். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ரிவிஷன், செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. பிளான் போடும்போது பண்டிகை நாட்களை எல்லாம் குறித்திருக்கிறாய். பொங்கல் இருக்கிறது, காதலர் தினம்கூட இருக்கிறது. தங்கையின் தேர்வு அட்டவணை இல்லை. அக்கா என்றால் அம்மாவுக்கு அடுத்த இடம் என்று வளர்ந்தவள் நான், பழைய பஞ்சாங்கம் என்று சொன்னாலும் பரவாயில்லை. அவள் ஜாதகத்தையே தலைகீழாகச் சொல்ல வேண்டியவள் நீ. பரீட்சை தேதியாவது தெரிந்திருக்க வேண்டாமா?

சரி, தொழில். உங்கள் ஊர்க்காரர்கள் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். காரணம் பக்தி மட்டும் இல்லை. ஆகஸ்டில் ஆர்டர் கையில் இருந்தால் டிசம்பரில் குரல்வளையைப் பிடிக்காது. அப்பா மெஷின் ஓட்டுகிறார், அவரைக் கேட்டால் பாடம் நடத்துவார். நீயும் ஆடியிலேயே முன்பதிவு தொடங்கு. அரையாண்டு ஆரம்பிப்பதற்கு முன்னால், நவம்பருக்குள் காலண்டர் எல்லாம் வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். அதற்கப்புறம் வருகிற ஆர்டரை நீ ஊருக்குப் போகும்போது நீயே கட்டு, இல்லையென்றால் தெருவில் பகுதிநேரமாக ஓர் அக்காவைக் கூலிக்கு வை. ஜனவரியிலிருந்து பொதுத்தேர்வு முடியும் வரை தங்கை கையில் டேப் இருக்கக் கூடாது.

கூலி எவ்வளவு? பார்சலுக்கு 12 ரூபாய் போட்டுப் பார். உன் லாபம் 51லிருந்து 39 ஆகும், அவ்வளவுதான். 90 பார்சலுக்கு மாதம் 1,080 ரூபாய் அவள் பெயரில் ஒரு கணக்கில் போகும். அந்தப் பன்னிரண்டு ரூபாயில் கவிழ்ந்துவிடும் என்றால் நீ நடத்துவது தொழில் இல்லை, தங்கை வைக்கும் மொய்யில் ஓடும் விசேஷம். அப்புறம் வேறு ஆள் வைத்தால் 12க்குக் கட்ட மாட்டார்கள், அதையும் பார்த்துக்கொள். 199 என்பதே குறைந்த விலையாக இருக்கலாம், உன் பூஜ்யம் அதை மறைத்துக்கொண்டிருக்கிறது.

போர்ட்ரெய்ட் விஷயம்: காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு வரைந்துகொடுத்த உருவப்படத்தின் காப்புரிமை, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957ஆம் வருஷச் சட்டப்படி வரைந்தவளுக்கு அல்ல, வரையச் சொல்லிக் காசு கொடுத்தவருக்கு. அதனால் எழுத்தில் வாங்காமல் ஒன்றையும் பிரின்ட் போடாதே. அட்வான்ஸ் வாங்கும்போதே இரண்டு வரி எழுதி அனுப்பி 'சம்மதம்' என்று பதில் வாங்கி வை. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, செய்து தருகிறேன் என்று காசு கேட்கிறவரிடம் போகாதே. வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதை, தங்கை இல்லாத அட்டவணையைப் பார்த்துவிட்டு நீயே முடிவு செய்வாய்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவளுக்குச் சுடிதார் எடுத்துக்கொண்டு போய்ச் சரிக்கட்டாதே. தரையில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருபது பார்சல் நீ கட்டு. இருபது நன்றிக் கார்டும் உன் கையால் எழுது. பதினைந்தாவது கார்டில் உன் எழுத்து எப்படி இருக்கிறது என்று பார். அதற்கப்புறம் அவளைக் கூப்பிட்டு, ஒரு பார்சலுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேள். 'ஒண்ணும் வேண்டாங்க்கா' என்றுதான் முதலில் சொல்வாள். இரண்டாம் தடவையும் கேள். கார்டில் யார் பெயர் போட வேண்டும் என்பதையும் அவளிடமே கேட்டுவிடு.

ஏழாம் பக்கத்தைத் திருத்தி எனக்கு அனுப்பு. அந்தக் கட்டத்தில் ஓர் எண் இருந்தால், பெயர் தமிழிலா ஆங்கிலத்திலா என்பதை அப்போது பேசுவோம்.