கிறிஸ்துமஸ் மாட்டிறைச்சி ரோஸ்ட்டை ஓவனிலிருந்து எடுத்ததும் ஏன் வெட்டக்கூடாது?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு விலா மாட்டிறைச்சியை எலும்போடு முழுத் துண்டாக ஓவனில் வாட்டுவார்கள். எடுத்ததும் வெட்டாமல் அரை மணி நேரம் அப்படியே வைப்பதுதான் 'ரெஸ்டிங்', அதாவது ஆறவிடுவது.

காரணம், வெளிப்புறம் நடுப்பகுதியைவிட அதிகச் சூடாக இருக்கும். ஓவனை விட்டு வந்த பிறகும் அந்தச் சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் கடைசி தோசை வெந்துவிடுகிறதே, அது மாதிரி. பெரிய துண்டில் நடுப்பகுதி இன்னும் 5 டிகிரி செல்சியஸ்கூட ஏறலாம். நடுவில் 57 டிகிரி வேண்டுமென்றால் 52-லேயே எடுத்துவிடுங்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் மட்டும் இறங்காதீர்கள். விலை கூடிய இறைச்சி, பாழாகிவிடும். சூடு தணிந்தால் சாறும் கொஞ்சம் கெட்டியாகும், பலகையில் அவ்வளவாக ஓடாது.

அப்புறம், வெட்டும்போது கசியும் சிவப்பு நீர் ரத்தம் இல்லை. தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த தண்ணீர்தான்.