"ஏலாது" என்றது சட்டமா, ஊர் வழக்கமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி, "கோயிலில் ஏலாது என்று சொல்லிப்போட்டார்கள்" என்றுதான் தொடங்குகின்றன. சொன்னது பாதரா, பங்குச்சபைப் பெரியவரா, பக்கத்து வீட்டு மாமியா என்று யாரும் எழுதவில்லை. இங்கே உள்ள பதில்கள் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின்படி. மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபையார் தங்கள் போதகரையே கேளுங்கள்.

கேள்வி: என் கணவர் 2007இல் காணாமல் போனவர். காணாமற்போனமைக்கான சான்றிதழ் கையில் இருக்கு. இப்போது ஒருவர் என்னைக் கேட்டு வந்திருக்கிறார். கோயிலில் கலியாணம் எழுத ஏலுமா? (வாகரை)

அந்தச் சான்றிதழை மட்டும் வைத்து ஏலாது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கிடைக்கும் அந்தப் பத்திரம் ஆளைக் காணவில்லை என்றுதான் சொல்கிறது, இறந்துவிட்டார் என்று சொல்லவில்லை. ஆகவே அரசாங்கப் பதிவிலும் உங்கள் முதல் கலியாணம் அப்படியே நிற்கிறது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி எடுக்கும் இறப்புப் பத்திரம் வேறு. அது பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அதை வாங்கினால் தேடுவதைக் கைவிட்டதாகிவிடுமோ என்று பல பெண்கள் தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம்தான், யாரும் உங்களை நெருக்கக் கூடாது.

கோயில் பக்கம் பார்ப்பது திருச்சபைச் சட்டம் 1707. மரணத்தை உறுதியான பத்திரத்தால் காட்ட முடியாவிட்டால், இறந்திருக்க வேண்டும் என்ற அறிவிப்பை மறைமாவட்ட ஆயர்தான் தர வேண்டும். பங்குத்தந்தை தர முடியாது. எத்தனை வருடம் போனாலும் ஆள் இல்லாமை மட்டும் போதாது என்று அதே சட்டம் சொல்கிறது. விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்வதும் இங்கேதான். "பதினெட்டு வருடமாகத் தகவல் இல்லை" என்று ஒற்றைக் கடிதம் எழுதிக் கொடுத்தால் ஆயர் இல்லத்தில் அதை வைத்து ஒன்றும் செய்ய இயலாது.

கேட்பது சாட்சியம். கடைசியாகக் கண்டவர் யார், எந்த நாள், எந்த இடம், யாரோடு போனார் என்று அவரை அறிந்த இரண்டு பேராவது சத்தியம் செய்து சொல்ல வேண்டும், இருவர் சொல்வதும் ஒத்துப்போகவும் வேண்டும். கண்ட சாட்சி இல்லையென்றால் சூழ்நிலையைப் பார்ப்பார்கள்: அவருடைய வயது, உடல்நிலை, உங்களோடும் பிள்ளைகளோடும் இருந்த பாசம், உயிரோடு இருந்தால் ஒரு செய்தியாவது அனுப்பியிருப்பாரா, ஒளிந்து வாழக் காரணம் ஏதும் உண்டா. 1868இல் ரோமாபுரி வகுத்த வழிமுறையே இன்றைக்கும் இதற்கு அடிப்படை. பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைக்குக் கொடுத்த விண்ணப்பம், கிராம சேவகர் கடிதம், காணாமற்போனோர் அலுவலகத்தின் பதிவு எல்லாவற்றையும் இணையுங்கள். பழைய முறைப்பாட்டுத் துண்டில் மை மங்கிக்கொண்டே போகும். இன்றைக்கே இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் பங்குத்தந்தையிடம் கொடுத்து வையுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயரின் அறிவிப்பு முதல் கலியாணத்தைக் கலைப்பதில்லை. உங்கள் கணவர் திரும்பி வந்தால் முதலாவதே நிற்கும், இரண்டாவது செல்லாது. ஆனால் நல்லெண்ணத்தோடு கட்டியிருந்தால் அந்தக் கலியாணத்தில் பிறந்த பிள்ளைகள் முறைப்படியான பிள்ளைகளே. அறிவிப்பு வரும்வரை நீங்கள் நன்மை (நற்கருணை) எடுக்கத் தடையில்லை, கேட்டு வந்தவரோடு சேர்ந்து வாழத் தொடங்காதவரை.

கேள்வி: மகள் விரும்பிய பிள்ளை களுவாஞ்சிக்குடி, சைவம். ஞானஸ்நானம் எடுத்தால்தான் கோயிலில் கட்டலாம் என்கிறார்கள். (தாண்டவன்வெளி)

தேவையில்லை. கலியாணத்துக்காக மட்டும் ஒருவரை முழுக்காட்டுவது தவறும்கூட. வேண்டியது, ஞானஸ்நானம் பெறாதவரைக் கட்டுவதற்கு ஆயர் தரும் விலக்கு. அது இல்லாமல் கட்டினால் கலியாணம் செல்லாது, ஆகவே மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்னமே பாதரைப் பாருங்கள். மூன்று மாதம் இருந்தால் நல்லது. தன் விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராய் வளர்க்க என்னால் இயன்றதெல்லாம் செய்வேன் என்று வாக்குக் கொடுப்பது மகள்தான். மாப்பிள்ளை கையெழுத்திட்டு எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, மகளின் வாக்கு என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. அவர் கலியாணம் கட்டாதவர் என்பதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். மகளின் ஞானஸ்நானப் பத்திரம் புதிதாக எடுத்ததாக இருக்கட்டும். பழையதில் பின்னால் வந்த குறிப்புகள் இருக்காது.

காலையில் கோயில், மாலையில் அம்மன் கோவிலில் இன்னொரு முகூர்த்தம் என்ற திட்டம்தான் வழக்கமாகச் சண்டையில் முடிகிறது. சம்மதத்தை இரண்டு சமயச் சடங்கில் கொடுக்கச் சட்டம் 1127 இடம் தராது. தாலியைக் கோயிலிலேயே கட்டலாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை முதற் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், பந்தல் போட்ட பிறகு சொன்னால் யாருக்கும் முகம் இருக்காது.

கேள்வி: என் சிநேகிதி மெதடிஸ்த. பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்கலாமா? (கல்முனை)

ஞானத்தாயாக அல்ல, சாட்சியாக நிற்கலாம். அதற்கும் பக்கத்தில் ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோர் கட்டாயம் வேண்டும்: 16 வயது நிரம்பியவர், உறுதிபூசுதல் பெற்றவர், பிள்ளையின் தாயோ தகப்பனோ அல்லாதவர். பதிவேட்டில் சிநேகிதியின் பெயர் "சாட்சி" என்ற இடத்தில் விழும். 1814இல் வந்திறங்கிய மெதடிஸ்தருக்கும் நமக்கும் ஞானஸ்நானம் ஒன்றுதான்; தண்ணீரும் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரும் இருந்தால் அது செல்லும். இதைச் சொல்வதற்குக் காரணம், அவரை "முழுக்கில்லாதவர்" என்று சொல்லி ஒதுக்கிய கதை கடிதத்தில் இருந்தது.

கேள்வி: அப்பா தன்னை எரிக்கச் சொல்கிறார். சாம்பலைக் கல்லடிக் கடலில் கரைக்கலாமா?

எரிக்கலாம், 1963இலிருந்து அதற்குத் தடையில்லை. கரைக்க வேண்டாம். 2016இல் வந்த அறிவுறுத்தல், சாம்பலைக் கடலிலோ காற்றிலோ விடாமல் சேமக்காலை (கல்லறைத் தோட்டம்) போன்ற புனித இடத்தில் வைக்கச் சொல்கிறது. பங்குச் சேமக்காலையில் சிறு குழி போதும்.

கேள்வி: பக்கத்து வீட்டில், அம்மன் கோவில் குளிர்த்திச் சடங்கில் படைத்த பொங்கல் தந்தார்கள். சாப்பிட்டால் பாவமா? (திருக்கோவில்)

கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் 10ஆம் அதிகாரத்தைத் திறவுங்கள். படையல் பந்தியில் பங்காளியாவதை 21ஆம் வசனம் மறுக்கிறது. ஒருவர் வீட்டில் வைப்பதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம் என்கிறது 27ஆம் வசனம். "இது படைத்தது" என்று யாராவது சுட்டிக்காட்டினால் அவருடைய மனச்சாட்சிக்காக விடச் சொல்கிறது அடுத்த வசனம். அயலவர் வேலிக்கு மேலால் நீட்டும் பொங்கலை வாங்கி, பிள்ளைகளுக்கு முன்னால் குப்பையில் போடுவதைத்தான் எந்த வசனமும் சொல்லவில்லை.

கேள்வி: எனக்கு நீரிழிவு. நன்மைக்கு முன் குளிசை போட்டால் நோன்பு முறியுமா?

முறியாது. தண்ணீரும் மருந்தும் எப்போதும் எடுக்கலாம். சாப்பிடாதிருக்க வேண்டிய ஒரு மணி நேரம் என்பது பூசை தொடங்குவதிலிருந்து அல்ல, நன்மை எடுக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கு. நோயாளிக்கும் முதியவருக்கும் அவர்களைப் பராமரிப்பவருக்கும் அந்த ஒரு மணியும் இல்லை. சீனி இறங்கினால் பூசை நடுவிலும் வெளியே போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.