பம்ப் ரிப்பேர் என்று எத்தனை நாள்தான் சொல்வது?

வணக்கம் மேடம்,

நீச்சல் குளம் வைத்திருப்பவளுக்கு வந்த கவலையைப் பார் என்று நீங்கள் சிரித்தாலும் சிரிப்பீர்கள். வெளியில் யாரிடமும் இதைச் சொல்லாமல் இருப்பதற்கும் அந்தப் பயம்தான் காரணம். எனக்கு முதுகு வலி உண்டு, நீந்தினால் நல்லது என்று டாக்டர் சொன்னார், பல வருஷம் சேர்த்த பணத்தில் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பூல் கட்டினோம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆத்திர அவசரத்துக்கு ஓடி வருவார்கள். அந்த வீட்டுப் பெண் என்னை வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பூல் புதிதாக இருந்தபோது அவள் பிள்ளைகளை நான்தான் கூப்பிட்டேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர்களாகவே வர ஆரம்பித்தார்கள், அப்புறம் அவர்களோடு சொந்தக்காரப் பிள்ளைகள், இப்போது கேட்பதுகூட இல்லை, 'அக்கா, பசங்க வர்றாங்க' என்று மொபைலில் ஒரு மெசேஜ் வரும், அவ்வளவுதான்.

போன வாரம் வெளியே போய்விட்டுத் திரும்பினால் பக்கவாட்டு கேட் திறந்து கிடக்கிறது. தண்ணீரில் நாலு பிள்ளைகள், கரையில் பெரியவர் ஒருத்தர்கூட இல்லை. அதில் ஒன்றுக்கு ஐந்து வயதுகூட இருக்காது, இடுப்பில் காற்றடித்த வளையத்தை மாட்டிக்கொண்டு ஆழமான பக்கத்தில் மிதக்கிறது. அம்மா எங்கேடா என்றால் 'வீட்டுல இருக்காங்க ஆன்ட்டி' என்கிறான் பெரியவன். எனக்குக் கை கால் ஆடிவிட்டது.

நேராக முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பம்ப் ரிப்பேர், தண்ணீர் மாற்றணும், எனக்குக் காய்ச்சல் என்று ஏதாவது சொல்லித் தப்பிக்கிறேன். ஒரு நாள் குளோரின் போட்டிருக்கிறோம், யாரும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு சாயங்காலம் நான் நீந்திக்கொண்டிருந்ததை அவள் மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து என் வீட்டில் நான் நீந்துவதற்கே, அவர்கள் மாடியில் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னால் 'தண்ணிதானே, தேய்ஞ்சா போயிடும்?' என்கிறார். வாசலில் நின்று அவர்களிடம் 'எப்ப வேணாலும் வாங்க' என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வேலைக்குப் போய்விடுவார். பிள்ளைகளைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொள்வது, ஈரக்காலோடு வீட்டுக்குள் வந்த தரையைத் துடைப்பது, ஃபில்டர் கூடையில் சிக்கிய முடியை அள்ளுவது எல்லாம் நான்.

உறவும் கெடக் கூடாது, இதுவும் நிற்க வேண்டும். என்ன செய்வது? நான் சுயநலக்காரியா?

– பெயர் வேண்டாம்

*

அன்புத் தோழி,

சிரிக்கவில்லை. சுயநலக்காரியாக இருந்தால் பக்கத்து மாடியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொந்தக் குளத்தில் இறங்க மாட்டீர்கள், அதனால் அந்தக் கேள்வியை இத்தோடு விட்டுவிடலாம்.

முதலில் அந்த ஐந்து வயதுக் குழந்தை. இதில் நட்பு, சங்கடம், தாட்சண்யம் எதற்கும் இடமில்லை. நீரில் மூழ்கும் குழந்தை கூச்சல் போடும், கையை ஆட்டும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வாய் நீருக்கு மேலே வருவதும் உள்ளே போவதுமாக இருக்கும்போது மூச்சு வாங்கவே நேரம் போதாது, கத்துவது எங்கே? கைகள் தன்னிச்சையாகப் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்கும், உதவிக்கு அசைக்க வராது. இந்தப் போராட்டம் 20 முதல் 60 நொடிக்குள் முடிந்துவிடலாம். பக்கத்தில் இருக்கும் மற்றப் பிள்ளைகள் அது விளையாடுகிறது என்றே நினைத்திருப்பார்கள். காற்றடித்த வளையம் வெறும் விளையாட்டுச் சாமான், உயிர்காக்கும் கருவி இல்லை, குழந்தை அதிலிருந்து நழுவிவிடும்.

ஆகவே கேட்டுக்கு உடனே பூட்டு. முடிந்தால் குளத்தைச் சுற்றி நாலு பக்கமும் குறைந்தது 4 அடி உயரத்துக்கு வேலி, தானாக மூடித் தானாகத் தாழ் விழும் கதவு, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். அழைக்காமல் வந்த குழந்தைக்கு ஏதாவது ஆனாலும் குளத்தின் சொந்தக்காரர் பதில் சொல்ல வேண்டிவரும் நாடுகள் உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டம் என்ன என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள், வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் அதன் நிபந்தனைகளையும் ஒரு தடவை எடுத்துப் படியுங்கள்.

இனி அந்தப் பெண் விஷயம். உங்களுக்கு இது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என நீங்கள் நம்புகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2008-இல் ஃப்ளின், லேக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் முன்பின் தெரியாதவர்களிடம் போய்ச் சின்னச் சின்ன உதவி கேட்கச் சிலரை அனுப்பினார்கள். போனவர்கள் எதிர்பார்த்ததைவிட மிகச் சுலபமாகச் சம்மதம் கிடைத்தது. உதவி கேட்பவர் தான் கேட்பது பெரிதா சிறிதா என்றுதான் கணக்குப் போடுகிறார், எதிரில் நிற்பவருக்கு மறுப்பது எவ்வளவு சங்கடம் என்பது அவர் கணக்கிலேயே வருவதில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கே இந்தச் சங்கடம் என்றால், அக்கா என்று கூப்பிடுகிறவரிடம் கேட்கவே வேண்டாம். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன 'சரி'யை அவர் சந்தோஷமான 'சரி' என்றே எடுத்துக்கொண்டிருப்பார்.

சாக்குகளும் உங்களுக்கு உதவவில்லை. பம்ப் ரிப்பேர் என்றால் ஒரு நாள் பம்ப் சரியாகித்தான் தீரும். அதுவரை காத்திருக்கச் சொன்னதாகத்தான் கேட்பவருக்குப் படும். அதோடு ஒரு வாரம் முடியாது, அடுத்த வாரம் சரி என்று மாறி மாறிப் பதில் வந்தால் கேட்பது நிற்கவே நிற்காது. எப்போதாவது பலன் கிடைக்கும் பழக்கம், ஒவ்வொரு முறையும் பலன் கிடைக்கும் பழக்கத்தைவிட விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும் என்று ஸ்கின்னர் என்ற உளவியலாளர் ஆய்வுக்கூடத்தில் எலி, புறாக்களை வைத்துக் காட்டியிருக்கிறார், மனிதர்களிடமும் இதைத்தான் பார்க்கிறோம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் அதிகச் சூடு இருப்பது பக்கத்து வீட்டைப் பற்றிய வரிகளில் இல்லை. அவர்கள் நல்லவர்கள் என்று ஆரம்பித்தீர்கள். கணவரைப் பற்றி எழுதும்போது அப்படி ஒரு வார்த்தைகூட வரவில்லை. தாராளம் அவருடையது, உழைப்பு உங்களுடையது. அதனால் முதல் பேச்சு அவரோடு. கொடுப்பது நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்தாதீர்கள், அதில் எப்போதும் தாராளமானவர்தான் ஜெயிப்பார். 'நீங்க கூப்பிடுற அன்னைக்கு, முதல் பிள்ளை இறங்குறதுலேர்ந்து கடைசிப் பிள்ளை ஏறுற வரைக்கும் மொபைலை உள்ளே வெச்சுட்டு நீங்கதான் கரையில உட்காரணும், ஃபில்டரும் உங்க வேலை' என்று சொல்லிப் பாருங்கள். அவர் சந்தோஷமாகச் செய்தால் நல்லதுதான், பிரச்சினையில் பாதி தீர்ந்தது. செய்யாவிட்டால், அவரும் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்.

தண்ணீர் தேயாது என்கிறாரே, ஒரு விதத்தில் தேயத்தான் செய்கிறது. ஆள் கூடக் கூட வேர்வை, சிறுநீர் எல்லாம் சேர்ந்து குளோரினைத் தின்றுவிடும். கண் எரிகிறதே, அதற்குப் பெரும்பாலும் காரணம் அப்படிக் கலந்து உண்டாகும் குளோரமின்தான். வயிற்றுப்போக்கு உள்ள ஒரு குழந்தை இறங்கினால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி சரியாகக் குளோரின் போட்ட தண்ணீரிலும் 7 நாளுக்கு மேல் உயிரோடு இருக்கும். இதையும் அவர் காதில் போட்டுவையுங்கள்.

இருவரும் ஒரே முடிவுக்கு வந்த பிறகு அந்தப் பெண்ணிடம் நேரில் பேசுங்கள், மெசேஜ் வேண்டாம், பிள்ளைகள் துண்டோடு கேட்டில் நிற்கும்போதும் வேண்டாம். 'பூல் விஷயத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரு முடிவு எடுத்திருக்கோம். இனிமே நாங்க கூப்பிடுற அன்னைக்கு மட்டும் வாங்க, பெரியவங்க ஒருத்தர் கூடவே இருக்கணும். அன்னைக்குப் பசங்க தனியா இருந்ததைப் பார்த்து ரொம்பப் பயந்துட்டேன்.' இவ்வளவு போதும். யாருமே வர வேண்டாம் என்பதுதான் உங்கள் மனசில் இருப்பது என்றால் அதையே சொல்லலாம், அதற்கும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பகுதி. நமக்கு மௌனம் தாங்காது, உடனே ஒரு காரணம், பின்னாலேயே ஒரு சமாதானம், கடைசியில் 'சரி, இந்த வாரம் மட்டும்' என்று போய் முடியும். அவர் அந்தக் குளோரின் சமாச்சாரத்தை எடுத்தால் மழுப்ப வேண்டாம். 'ஆமா, முடியாதுன்னு நேரா சொல்லச் சங்கடமா இருந்துச்சு' என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

அவர் முகம் வாடும். சில நாள் பேச்சும் குறையலாம். அதைச் சரிக்கட்ட ஓடாமல் எப்போதும் போல நீங்கள் பேசிக்கொண்டிருங்கள். பிள்ளைகள் வந்து கேட்டால் அவர்களிடம் விளக்கம் சொல்லாதீர்கள், அம்மாகிட்ட பேசிக்கிறேன் என்று சிரித்த முகமாக அனுப்பிவிடுங்கள்.

ஒன்றே ஒன்று. வீட்டுக்காரரோடு பேச்சு இழுத்துக்கொண்டே போகிறது என்பதற்காகப் பூட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் பூட்டு மாட்டும் அன்றைக்கே அந்தப் பெண்ணிடம், பிள்ளைகளின் பாதுகாப்புக்காக கேட்டைப் பூட்டிவைக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள், கேட்டில் தொங்கும் பூட்டைப் பார்த்து அவராகத் தெரிந்துகொள்ளும்படி விட வேண்டாம்.